பத்துக்கு ஒன்பது

அந்த வேலைக்கு நான் போனது பேச ஆள் கிடைக்கும் என்பதற்காகத்தான். கைச்செலவுக்கு ஆகும் என்று மகனிடம் சொன்னேன். ஊருக்கு நல்லது நடக்கும் என்று சர்ச்சில் கேட்டவர்களிடம் சொன்னேன். இரண்டும் முழுப் பொய் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் மாடியில் இரண்டு அறை, அதில் நான் ஒருத்தி. பால் பாக்கெட் போடுகிறவர் கைப்பிடியில் பையை மாட்டிவிட்டுப் போய்விடுவார், முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சில நாள் சாயங்காலம் போன் அடித்து எடுத்தால் என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கும். விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

மகன் கோயம்புத்தூரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான்.

"எப்டிம்மா இருக்க?"

"எனக்கென்னடா, நல்லா இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கு இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கேட்கிற கேள்விக்கு நான் சொல்கிற பதில் அப்படி. கதவைச் சாத்திவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டால் எப்படி.

பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஃபாரம் நிரப்புவது கை வந்த கலை. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்திதான் இந்த வேலையைச் சொன்னாள். கடலூர் மாவட்டத்தில் வெள்ளத்துக்கும் புயலுக்கும் தாங்குகிற மாதிரி ஊர்களைச் சீர்ப்படுத்த ஒரு பெரிய திட்டம் வருகிறது, அதற்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் எடுக்கிறார்கள் என்றாள். வீடு வீடாக என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கடலூரில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது முதுநகரில். கடலூர் என்றால் ஜங்ஷனும் துறைமுகத்து மீன் வாடையும்தான் எனக்கு. அந்த மண்டபத்தின் ஏசியில் உட்கார்ந்தபோது வேறு ஏதோ ஊருக்கு வந்தது போல இருந்தது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் பேசினார். நல்ல மனிதர். இதுவரை அரசாங்கம் எத்தனை கக்கூஸ், எத்தனை கேஸ் அடுப்பு என்று எண்ணியது, அப்படி எண்ணித்தான் யாருக்கு என்ன செய்வது என்று முடிவு செய்தது, அது தப்பு என்றார். மக்கள் நன்றாக இருக்கிறார்களா இல்லையா என்பதை மக்கள் வாயாலேயே கேட்க வேண்டும், நிலைத்த வளர்ச்சி என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்றார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

பிறகு எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை. அதில் ஓர் ஏணிப் படம், பத்துப் படி. உங்கள் வாழ்க்கை எவ்வளவு மோசமாக இருக்க முடியுமோ அது கீழ்ப்படி, எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அது மேல்படி, இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் விரலை வைப்பார்கள். அந்த எண்ணைக் கையகல டேப் கம்ப்யூட்டரில் போட வேண்டும். கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரம் இல்லை. எந்த ஊர் கீழ்ப்படியில் நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் முதலில் வேலை நடக்கும். வடிகால் தூர் வாருவதோ, ரோட்டை உயர்த்துவதோ, எதுவானாலும்.

எனக்குக் கொடுத்த ஊர்களில் பாதி கடலூர் பக்கம், பாதி குமராட்சிப் பக்கம். நான் சந்தோஷமாகத்தான் அலைந்தேன். குடையும் தண்ணி பாட்டிலும் டேப்பும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பொழுது போவதே தெரியாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். கேள்வி முடிந்த பிறகும் நான் எழுந்திருக்க மாட்டேன். பிள்ளை எந்தக் காலேஜ், மாடு கன்னு போட்டுதா என்று இழுப்பேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்க ஆள் இருந்த காலத்தில் அது நீளமாகத் தெரிந்தது.

கடலூரில் ஒரு புது நகர். இரண்டு மாடி வீடுகள், வாசலில் கார், கார் மேல் துணி உறை. அங்கே போய் அட்டையை நீட்டினால் எல்லோரும் ஏணியின் கீழ்ப்பக்கமே விரலைக் கொண்டுபோனார்கள். ஒரு அம்மா, கழுத்தில் கனத்த சங்கிலி, மூன்றில் விரலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாங்க இருக்கு, ஏதோ ஓடுது. நல்லா இருக்கோம்னு வாயால சொல்லிட்டா மறுநாளே எதாச்சும் வந்து நிக்குது. கண்ணுன்னா சும்மாவா?"

மழை பெய்தால் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, காரை எடுக்க முடியவில்லை என்றார். மூன்று என்று போட்டேன். பக்கத்து வீடு நான்கு. எதிர் வீடு இரண்டு. படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் வேலை எண்ணைப் போடுவதுதானே.

அடுத்த வாரம் குமராட்சிக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஓர் ஊர். ஊரிலிருந்து தள்ளி ஒரு தெரு, முப்பது நாற்பது வீடு, எல்லோரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். மினிபஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் மண் ரோடு, இரண்டு பக்கமும் வயல். ரோடு வயலைவிடத் தாழ்வாக இருந்தது. வீட்டுச் சுவர்களில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, தண்ணீர் நின்ற கோடு. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

முதல் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். ஒல்லி. என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கடைக்கு ஆளை அனுப்பிக் கலர் வாங்கி வந்து, டம்ளரை இரண்டு தடவை கழுவி ஊற்றிக் கொடுத்தாள். உள்ளே ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. இடது கையில் முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"அவுருக்குக் கிட்னி போயிடுச்சிக்கா. செதம்பரத்துல வாரத்துக்கு ரெண்டு நாளு மிஷினு வக்கிறாங்க, நாலு நாலு மணி நேரம், ரத்தம் சுத்தி பண்ண," என்றாள், மாடு மேயப் போயிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

"மழைக்காலத்துல எப்டிம்மா போவீங்க?"

"போவோம்க்கா. ரோடு முங்கிச்சின்னா நாலு பேரு நாக்காலியோட தூக்கிட்டு வந்து மெயின் ரோட்டுல உடுவாங்க. போன வருஷம் ரெண்டு தபா போவ முடியல. மூச்சு இழுக்க ஆரமிச்சிடுச்சி. அப்பறம் சரியாப் போச்சி."

நான் அட்டையை எடுத்து நீட்டினேன். படியை விளக்கினேன். அவள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, யோசிக்காமல், ஒன்பதாம் படியில் விரலை வைத்தாள்.

"ஒம்பதா?"

"ஆமாக்கா. எங்களுக்கென்னா, நல்லாத்தான் இருக்கோம். ஒரு கொறையும் இல்ல."

ஒன்பது என்று போட்டேன். நான் பார்த்த கோடும், கட்டிலும், கையும் போடுவதற்கு டேப்பில் இடம் இல்லை. அந்தத் தெருவில் அன்று நான் போன பன்னிரண்டு வீடும் அப்படியே. எட்டு, ஒன்பது, ஒருத்தி பத்து. எல்லா வீட்டிலும் நாற்காலி, எல்லா வீட்டிலும் கலர். வயிறு உப்பிவிட்டது.

கிளம்பும்போது அவள் வழியனுப்ப வந்தாள்.

"ஒங்க வூட்டுல சாரு நல்லா இருக்காராக்கா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. பொட்டு வைக்காத கிறிஸ்தவ நெற்றியைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவ்வளவு சிரித்த முகத்தோடு கேட்கிறவளிடம் செத்துப்போய்விட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. மினிபஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து முதல் பட்டியல் வந்தது. கடலூர் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கார் உறை போட்ட அந்த நகர் மேலே இருந்தது. அங்கே மழைநீர் வடிகால் கட்டப் போகிறார்கள். கொள்ளிடக் கரைத் தெருவைத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். அடியிலிருந்து மூன்றாவது. நலவாழ்வு மிகச் சிறப்பு என்று பக்கத்தில் பச்சை நிறம் பூசியிருந்தது.

மனிதர்கள் நன்றாக இருப்பது என்றால் என்ன என்று ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அவர்கள் முடிவு செய்த இடத்தில்தான் மண் கொட்டுகிறார்கள். முன்பு கக்கூஸை எண்ணினார்கள், ரோடு தெரியவில்லை. இப்போது சந்தோஷத்தை எண்ணினார்கள், இப்போதும் ரோடு தெரியவில்லை. கண் படும் என்று பயந்தவர்கள் துக்கப்பட்டவர்கள் ஆனார்கள். வாசலுக்கு வந்தவளிடம் குறை சொல்லக் கூடாது என்று நினைத்தவர்கள் சுகவாசிகள் ஆகிவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயை ஏட்டில் வரைந்தது என் கை.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு சின்னப் பெண். கெட்டிக்காரி, மனசும் நல்லது. அவளிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், எனக்குப் புரியுது. ஆனா நான் கையால மாத்த முடியாது. மறு சோதனை கேக்கலாம். வேற ஆளு போய் அதே கேள்வியக் கேப்பாங்க. நம்பர் மாறினா லிஸ்ட்டும் மாறும்."

"கேளும்மா, அப்ப."

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "ரொம்ப ஜாஸ்தி வித்தியாசம் வந்துச்சின்னா மொதல்ல எடுத்தவங்களத்தான் தப்பா நெனப்பாங்க மேடம். வீட்டுக்குப் போவாமலே போட்டுட்டாங்கன்னு எழுதிடுவாங்க. அடுத்த ரவுண்டுக்கு உங்களக் கூப்பிட மாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு வாரம் அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு முகம். அதை விட்டால் எனக்குச் சுவர்தான். அவளே ஒன்பது என்று சொன்னாள், நான் என்ன திரித்தா எழுதினேன் என்று சமையலறையில் நின்று சத்தமாகவே கேட்டேன். பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு திடீர் மழை. மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கொள்ளிடக் கரை வீட்டு இருவரையும் பார்த்தேன். புருஷன் சிமெண்டுத் திண்டில் சாய்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. அவள் கையில் இரண்டு ஜோடிச் செருப்பு. பாதி வழியில் வண்டி சிக்கிக்கொண்டதாம், மெயின் ரோடு வரை நடத்தியே கூட்டி வந்திருக்கிறாள். நேரம் கடந்துவிட்டதால் அன்று மிஷினில் நாலு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். இதெல்லாம் நான் துருவித் துருவிக் கேட்டு வாங்கியது. அவளாகச் சொன்னது என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு கேட்ட ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? சாரு சொவமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அன்று மத்தியானமே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு மறு சோதனைக்கு எழுதச் சொன்னேன். அதற்கு ஆள் வருவதற்கு முந்தின நாள் நான் அந்தத் தெருவுக்குப் போனேன். அப்படிப் போகக் கூடாது. தெரிந்தேதான் போனேன்.

மறுபடி நாற்காலி, மறுபடி கலர். நாளைக்கு ஒரு ஆள் வந்து அதே ஏணியைக் காட்டுவார், என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"ஒம்பதுதான் சொல்வேன். ஏங்க்கா, பத்துன்னு சொல்லணுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, கண்ணு முன்னால இப்டி இருக்கு, ஒம்பதுங்கற? நீ ஒம்பதுன்னு சொன்னதாலதான் ஒனக்கு ரோடு இல்ல. தெரியுமா?"

அவள் முகம் சுண்டிவிட்டது.

"வெயில்ல வந்து வாசல்ல நிக்கறவுங்ககிட்டப் போயி எங்களால முடியலன்னு சொல்லிப் பழக்கம் இல்லக்கா. சொன்னா அவுங்களும் அதத் தூக்கிக்கிட்டுப் போவணும். சொல்றதால கஷ்டம் கொறையவா போவுது? கொறையச் சொல்லிக் கையேந்தாம இருக்கோம் பாருங்க, அதத்தான் நான் நல்லா இருக்கோம்னு சொன்னேன்."

மண்டபத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. என்ன தோன்றியதோ, நான் சொன்னேன்:

"எங்க வீட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"பையன் கோயம்புத்தூர்ல இருக்கான். நான் தனியா இருக்கேன். ஒரு நாள் வைக்கிற ரசத்த மூணு நாள் சாப்பிடறேன். பேச ஆள் இல்லாமத்தான் இந்த வேலைக்கே வந்தேன்."

வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் நான் அவ்வளவு நேராகப் பேசியதில்லை. அவள் எழுந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல கூட சாரு சொவமான்னு கேட்டனே! ஆமான்னு தலையாட்டுனீங்களே! ஏங்க்கா பொய் சொன்னீங்க?"

"நீ ஒம்பதுன்னு சொன்ன பாரு, அது மாதிரிதான்."

உள்ளே கட்டிலிலிருந்து அவள் புருஷன் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பையிலிருந்து அந்த அட்டையை அவளே எடுத்தாள். விரல் ஏணியில் இறங்கியது. இரண்டில் நின்றது.

"ஒண்ணு வாணாங்க்கா," என்றாள். "ஆளு உசுரோட இருக்காரு."

மறுநாள் வந்தவரிடம் தெருவே கீழ்ப்படியைக் காட்டியது. அவள்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். பட்டியல் மாறியது, அந்தத் தெரு மேலே வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக நான் எடுத்த எல்லா ஊரையும் சந்தேகப்பட்டு மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இனி வேலை இல்லை என்று சொல்லச் சூப்பர்வைசர் போன் செய்தபோது அவள் குரல்தான் உடைந்திருந்தது. டேப்பையும் அட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடலூரிலிருந்து கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டேன். அவள் காதில் ஹெட்போன் இருந்தது.

மறுபடி சுவரும் நானும். ரோட்டை அளந்துவிட்டார்கள் என்று கொள்ளிடக் கரைத் தெருவிலிருந்து அவள் போனில் சொன்னாள். அடுத்த மாதம் கல் நட்டார்கள் என்றாள். டெண்டர் வர வேண்டும் என்று அதோடு நின்றது. மழை யாருடைய டெண்டருக்கும் காத்திருக்காது. கார்த்திகை பிறந்ததும் நாலு நாள் விடாமல் கொட்டியது. மேலே அணையிலும் திறந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் போன் அடித்தது.

"அக்கா, கொள்ளடத்துல தண்ணி ஜாஸ்தியா வருது. ரோடு பாதி முங்கிடுச்சி. நாளான்னிக்கு அவுருக்கு மிஷினு. என்னா பண்றதுன்னே தெரியலக்கா."

அவள் என்னிடம் தானாகக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கே கெளம்பு. ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. ஆஸ்பத்திரி ஆட்டோவுல அஞ்சு நிமிஷம்," என்றேன்.

"தொந்தரவுக்கா."

"வாயை மூடிட்டு வா."

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார்கள். மாடிப்படி ஏற அவருக்கு அரை மணி நேரம் ஆனது. வீட்டுக்காரர் போன பிறகு யாரும் படுக்காத கட்டிலில் அவரைப் படுக்க வைத்தோம். அன்று சாயங்காலமே அவர்கள் தெரு தனித்தீவாகிவிட்டது என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை.

எட்டு நாள் இருந்தார்கள். அந்த எட்டு நாளை எப்படிச் சொல்வது. அடுக்களையில் எனக்கு முன்னால் யாரோ எழுந்து பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டு நான் விழித்தேன். "அக்கா, பருப்பு எங்க வச்சிருக்கீங்க?" என்று ஒரு குரல். அவருக்கு உப்பில்லாமல் ஒரு குழம்பு, எங்களுக்கு உப்புப் போட்டு ஒரு குழம்பு. உப்பில்லாத குழம்பை நானும் ருசி பார்த்து முகத்தைச் சுளிப்பேன், அவர் பார்த்துச் சிரிப்பார். அவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று அளவு. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே, "ஊரெல்லாம் தண்ணி, எனக்கு மட்டும் அர டம்ளரு, பாத்தீங்களாக்கா நாயத்த," என்பார். இரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குப் படுத்தபடியே வழி சொல்லி, அவளை விட்டு வாஷர் மாற்ற வைத்தார். மிஷினுக்குப் போகிற நாளில் நானும் அவளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். என் வாய் நீளம் அவளுக்குப் பொருட்டே இல்லை. அவள் வாய் இன்னும் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது, "இருடா, அடுப்புல வேல இருக்கு, அப்பறம் பேசறேன்," என்றேன். அவன் பயந்துபோய் மறுபடி கூப்பிட்டான்.

அன்று காலை சர்ச்சுக்குப் போயிருந்தேன். வெள்ளத்தில் தவிக்கிற ஜனங்களுக்காகப் போதகர் ஜெபித்தார். ஆண்டவரே, தண்ணீரை வற்றப் பண்ணும், இவர்கள் தங்கள் வீடுகளுக்குச் சீக்கிரம் திரும்பக் கிருபை செய்யும் என்றார். சபை முழுக்க ஆமென் என்றது. எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தேன், வரவில்லை. பள்ளிக்கூடத் தரையில் நாற்பது குடும்பம் ஈரப் பாயில் கிடக்கிறது, வயலில் நட்ட பயிர் அழுகுகிறது, எல்லாம் தெரியும். தண்ணீர் இன்னும் நாலு நாள் நிற்கட்டுமே என்று நினைத்தேன். கடைசிப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். முன்னால் இருந்தவர்கள் நான் அந்த ஜனங்களுக்காக அழுவதாக நினைத்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் வடிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் பையைக் கட்டிவிட்டார்கள். கட்டில் விரிப்பை அவள் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். குழாய் சொட்டுவதும் நின்றுபோனதால் அன்றைக்கு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

வெள்ளம் வந்த பிறகு டெண்டருக்குக் கால் முளைத்துவிட்டது. மறு கோடையில் மண் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேடாக்கி, குழாய் பதித்து, தார் போட்டார்கள். வேலை முடிந்ததும் அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த ஒரு கிலோமீட்டர் முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுவில் நின்று, "இனிமே மழை பேஞ்சா ஒங்களத் தொந்தரவு பண்ண வேணாங்க்கா," என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிறைவு. நானும் சந்தோஷப்பட்டேன். அது பொய் இல்லை.

இந்த வருஷமும் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தாயிற்று என்று டிவியில் சொன்னார்கள். பீரோவிலிருந்து புது விரிப்பை எடுத்துக் கட்டிலில் போட்டேன். உப்பில்லாமல் ஒரு குழம்புக்கு என்ன காய் இருக்கிறது என்று பார்த்தேன். அதன் பிறகுதான் அவளுக்குப் போன் செய்தேன்.

"ரோட்டுல பொட்டுத் தண்ணி இல்லக்கா! மினிபஸ்ஸு இப்ப தெருவுக்கே வருது. காலையில ஏறி மிஷினுக்குப் போயிட்டு வந்துட்டோம்," என்றாள்.

"அப்படியா. ரொம்ப நல்லதாப் போச்சும்மா," என்றேன்.

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். என் வேலையைக் கொடுத்து வாங்கிய ரோடு அது. அதன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்ல முடியும்.